அவரிடம் கேட்டீர்களா?



சென்னைவாசிகளுக்கு அடையாறு என்பது நகரின் ஒரு பகுதி. வெளியூர்க்காரர்களுக்கோ அது ஒரு நோயின் மறுபெயர். "அவரை அடையாறுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்" என்று யாரேனும் தாழ்ந்த குரலில் சொன்னால், நாம் மேற்கொண்டு விளக்கம் கேட்பதில்லை. அல்லாஹ் ஷிபாவைத் தருவானாக என்று துஆச் செய்துவிட்டு வேறு பேச்சுக்குத் தாவிவிடுகிறோம். இம்மாதம் பேச்சை மாற்றாமல் சற்று நின்று பேச விரும்புகின்றேன். பெண்களின் சினைப்பையில் தோன்றும் புற்றுநோய் பற்றியும், அதற்கான மருந்துகள் எவ்வாறு சோதித்தறியப்படுகின்றன என்பது பற்றியும், அத்தகைய சோதனையில் சேரும்படி ஒரு பெண் அழைக்கப்படும்போது அவருடைய வீட்டார் என்ன செய்கின்றனர் என்பது பற்றியும்.

கருப்பையின் இருமருங்கிலும் வாதுமைப் பருப்பளவில் அமைந்தவை சினைப்பைகள். அவை வயிற்றின் ஆழத்தில் இருப்பதால், அங்கு தோன்றும் கட்டி மார்பகக் கட்டியைப் போலக் கைக்குத் தட்டுப்படுவதில்லை. வயிற்று உப்புசம், இரண்டு கவளம் உண்டதுமே வயிறு நிறைந்துவிட்ட உணர்வு, அடிவயிற்றில் வலி, அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றுதல், இவைதாம் அதன் அடையாளங்கள். இவை எந்தப் பெண்மணிக்குத்தான் வருவதில்லை? ஓமத் தண்ணீர் குடிக்கிறார். மோரில் பெருங்காயம் கலந்து குடிக்கிறார். வாயு மாத்திரை விழுங்குகிறார். வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உண்பவர் ஆதலால், அவர் உண்ணும் அளவு குறைந்ததை எவரும் கவனிப்பதில்லை. வயிற்றில் நீர் கோத்து வீங்கிய பிறகுதான் ஸ்கேன் எடுக்கப்படுகிறது. நம் நாட்டுப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மார்பகம், கருப்பை வாய் ஆகியவற்றுக்கு அடுத்த இடத்தில் இருப்பது இதுவே. ஆண்டொன்றுக்கு 45,000 பேருக்கு மேல் இந்நோய் புதிதாகக் காணப்படுகிறது என்பது உலக அளவிலான மதிப்பீடு. அவர்களில் பெரும்பாலோர் நோய் முற்றிய நிலையிலேயே மருத்துவரிடம் வருகின்றனர்.

முன்கூட்டியே கண்டறிய இரத்தப் பரிசோதனை இல்லையா என்று கேட்பீர்கள். சி.ஏ. 125 என்றொரு பரிசோதனை உண்டு. முழுவுடல் பரிசோதனைத் தொகுப்பு என்று விளம்பரம் செய்யும் கூடங்கள் சில அதனையும் சேர்த்து விற்கின்றன. பிரிட்டனில் 2001 முதல் 2005 வரை 2,02,638 பெண்களைச் சேர்த்து, ஆண்டுதோறும் இப்பரிசோதனையும் ஸ்கேனும் செய்தால் சாவு குறையுமா என்று பார்த்தார்கள். 2021இல் முடிவு வெளியாயிற்று. சாவு குறையவில்லை. ஆகவே, நோயின் அறிகுறி எதுவும் இல்லாத பெண் இதற்குப் பணம் செலவிடுவதில் பயனில்லை. அறிகுறி இருந்து, அது இரண்டு மூன்று வாரங்களாக விடாமல் தொடருமானால், அப்போது கூச்சத்தை ஒதுக்கிவிட்டு மகப்பேறு மருத்துவரிடம் செல்வதே தேவை. பெண் மருத்துவர் கிடைக்காத ஊர் இன்று அரிது.

மேற்சொன்னதும் ஒரு சோதனைதான். இரண்டு இலட்சம் பெண்கள் சேர்ந்து நின்றிராவிட்டால், அப்பரிசோதனை நம் வீட்டுப் பெண்களுக்குப் பயன் தரும் என்றே நம்பிக்கொண்டிருப்போம்.

அடையாறு மருத்துவமனையின் வரலாறும் சோதனைகளின் வரலாறும் பின்னிக் கிடப்பவை. புற்றுநோய்க்குத் தம் தங்கையைப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், எத்தனையோ பேருடைய ஏளனத்தையும் தாங்கி, 1952இல் பண்டித நேருவைக் கொண்டு அடிக்கல் நாட்டச் செய்தார். 1954 ஜூன் 18இல் பன்னிரண்டு படுக்கைகளோடு மருத்துவமனை தொடங்கிற்று. மறு ஆண்டு, மயிலாப்பூரில் பிறந்த ஓர் இளம் மருத்துவர் அங்கு வந்து சேர்ந்தார். மகப்பேறு மருத்துவத்தில் பட்ட மேற்படிப்பு முடித்து, அரசுப் பெண்கள் மருத்துவமனையில் கிடைத்த வேலையை விட்டுவிட்டு வந்தவர். அவர்தாம் டாக்டர் சாந்தா. 2021 ஜனவரி 19இல் தமது 93ஆம் வயதில் மறையும் வரை அம்மருத்துவமனையே அவருடைய இல்லமாக இருந்தது.

அவரும் முத்துலட்சுமி அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் வாய்ப் புற்றுநோய்க்குச் செய்த ஒரு சோதனையைச் சொல்ல வேண்டும். வெற்றிலை, புகையிலை மெல்லும் நம் மக்களுக்குக் கன்னத்தின் உட்புறத்தில் வரும் புற்றுநோய் அது. கதிர்வீச்சு மட்டும் போதுமா ("கரண்ட் வைப்பது" என்று நம் மக்கள் சொல்வது இதைத்தான்), அத்துடன் பிளியோமைசின் என்னும் மருந்தையும் சேர்த்தால் கூடுதல் பயன் உண்டா என்பது கேள்வி. நோயாளிகளை இரு பிரிவாக்கிப் பார்த்ததில், மருந்தும் கதிர்வீச்சும் சேர்ந்து பெற்றவர்களுக்குக் கட்டி கரைந்தது தெளிவாகவே கூடுதலாயிருந்தது. 1970களிலேயே, மேலைநாடுகளின் முடிவுக்குக் காத்திராமல், சென்னையில் செய்யப்பட்டது இது.

பிள்ளைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோய்க்கு 1980களில் தொடங்கிய முயற்சி இதனினும் பெரிது. அடையாறு, பம்பாய் டாடா நினைவு மருத்துவமனை, டில்லி எய்ம்ஸ் ஆகிய மூன்றும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்துடன் கூடி ஒரே மருந்து முறையைப் பின்பற்றின. அதற்கு முன் நூற்றுக்கு இருபது பிள்ளைகள்கூட நோய் திரும்பாமல் நான்கு ஆண்டுகளைக் கடந்ததில்லை. அதன்பின் அவ்வெண்ணிக்கை நாற்பத்தைந்து முதல் அறுபது வரை உயர்ந்தது. அப்பிள்ளைகளில் பலர் இன்று தாய் தந்தையராய் இருப்பர்.

'சோதனை' என்னும் சொல்லே நம்மவர்க்குக் கசக்கிறது. எலிக்குச் செய்வதை மனிதனுக்குச் செய்கிறார்கள் என்ற எண்ணம். இரு பிரிவாகப் பிரித்து ஒப்பிடும் முறை இன்று நேற்றுத் தோன்றியதன்று. ஹிஜ்ரி 313இல் மறைந்த இமாம் அபூபக்ர் ராஸி அவர்கள், மூளை வீக்கத்தின் அறிகுறி கண்ட நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு இரத்தம் குத்தி எடுத்தும், மற்றொரு பிரிவினரை வேண்டுமென்றே அவ்வாறு செய்யாமல் விட்டும் ஒப்பிட்டுப் பார்த்ததைத் தமது பெருந்தொகுப்பான 'அல்ஹாவி'யில் பதிந்து வைத்துள்ளார். அவர் கையாண்ட சிகிச்சையை இன்று எவரும் செய்வதில்லை. அவர் கேட்ட கேள்வியை மட்டும் இன்றும் கேட்கிறார்கள்.

இக்காலத்தில் கூடுதலாகச் சேர்ந்தது குலுக்கல். எந்த நோயாளிக்கு எந்த மருந்து என்பதை மருத்துவர் தீர்மானிப்பதில்லை. கணிப்பொறி சீட்டுக் குலுக்குகிறது. ஏன்? மருத்துவரும் மனிதரே. தெம்பாக இருப்பவருக்குப் புதிய மருந்தையும் நலிந்தவருக்குப் பழைய மருந்தையும் தம்மையறியாமலே கொடுத்துவிடுவார். பின்னர்ப் புதிய மருந்தே சிறந்தது என்று தோன்றும். உண்மையில் பிழைத்தது தெம்பானவர்தாம். குலுக்கலில் அந்தச் சாய்வு இல்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பயணம் புறப்படுங்கால், தம் மனைவியருள் யாரை உடன் அழைத்துச் செல்வது என்பதைச் சீட்டுக் குலுக்கியே முடிவு செய்ததை ஹதீஸ் படித்தோர் அறிவர். ஒருவர் பக்கம் சாயாதிருக்க வேண்டிய இடத்தில் குலுக்கல் நமக்குப் புதிதன்று.

இனிச் சினைப்பைக்கு வருவோம். இந்நோய்க்கு முதுகெலும்பான மருந்து பிளாட்டினம் என்னும் உலோகத்திலிருந்து பிறந்தது. 1965இல் அமெரிக்காவில் ரோசன்பெர்க் என்ற அறிஞர் நுண்ணுயிர்களின் மீது மின்சாரத்தின் விளைவை ஆராய்ந்தபோது, மின்முனையின் பிளாட்டினமே அவை பெருகுவதைத் தடுப்பதாகத் தற்செயலாகக் கண்டார். 1978இல் அது சிஸ்பிளாட்டின் என்ற மருந்தாக அனுமதி பெற்றது. பின்னர் பசிபிக் கரையோரத்து மரமொன்றின் பட்டையிலிருந்து பாக்லிடாக்சல் வந்தது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன என்று பார்த்த அமெரிக்கச் சோதனை 1996இல் வெளியாயிற்று. பழைய கூட்டு மருந்து பெற்றவர்களில் பாதிப் பேர் வாழ்ந்தது 24 மாதம். புதிய கூட்டு பெற்றவர்களில் பாதிப் பேர் வாழ்ந்தது 38 மாதம். பதினான்கு மாதம்! ஒரு மகளின் நிக்காஹைக் கண்குளிரக் காண, ஒரு பேரப்பிள்ளையை மடியில் வைத்துக் கொஞ்ச, அந்த அவகாசம் போதுமே.

ஆனால் 2002இல் 2,074 பெண்களைக் கொண்டு ஐரோப்பாவில் வெளியான மற்றொரு சோதனை, பிளாட்டின வகை மருந்து பெற்றவர்களுக்குப் பாக்லிடாக்சலையும் சேர்த்ததால் ஆயுள் கூடியதாகக் காணவில்லை. அறிஞர்கள் பல ஆண்டுகள் வாதிட்டனர். விலை கூடிய மருந்துதான் நல்ல மருந்து என்று எண்ணி நகையை அடகு வைக்க ஓடுபவர்கள் இதை நினைவிற்கொள்ள வேண்டும். இன்று உலகெங்கும் இவ்விருவகை மருந்தும் சேர்த்தே தரப்படுகின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"கட்டியை உடனே அறுத்தெடுக்காமல் எதற்கு முதலில் கீமோதெரபி? டாக்டர் கைவிட்டுவிட்டாரோ?" என்று கலங்கும் குடும்பங்கள் பல. பெல்ஜியம் நாட்டு மருத்துவர் வெர்கோட் தலைமையில், நோய் முற்றிய 632 பெண்களிடம் நடந்த சோதனை 2010இல் இதற்கு விடை சொன்னது. முதலில் அறுவை செய்துகொண்டவர்களும், முதலில் மருந்து பெற்றுக் கட்டி சுருங்கியபின் அறுவை செய்துகொண்டவர்களும் வாழ்ந்த காலம் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் மருந்து முதலில் பெற்றவர்களுக்கு அறுவையினால் விளைந்த துன்பங்கள் குறைவு. ஆகவே முதலில் மருந்து என்றால் கைவிட்டதாகப் பொருளில்லை.

வெளிநாட்டு முடிவுகள் இருக்க, நம்மூரில் எதற்குச் சோதனை? இதற்கு ஜப்பான் நல்ல விடை. அங்கே பாக்லிடாக்சலை மூன்று வாரத்துக்கு ஒருமுறை தராமல் வாரந்தோறும் பகிர்ந்து தந்தபோது, நோய் திரும்பாதிருந்த காலம் 17 மாதத்திலிருந்து 28 மாதமாக நீண்டது. 2009இல் உலகமே வியந்தது. அதே முறையைப் பெரும்பாலும் ஐரோப்பியப் பெண்களாக இருந்த 1,566 பேரிடம் செய்து பார்த்து 2019இல் முடிவை வெளியிட்டனர். பயன் இல்லை. ஒரு மக்களுக்கு வாய்த்தது மற்றொரு மக்களுக்கு வாய்க்கவில்லை. மயிலாப்பூர்ப் பெண்ணின் உடம்பு டோக்கியோவைப் போன்றதா, இலண்டனைப் போன்றதா? இங்குள்ள பெண்கள் சேர்ந்தாலன்றி இதற்கு எவரும் விடை சொல்ல இயலாது.

இவ்வளவும் சொல்லிவிட்டேன். இனித்தான் சிக்கலான இடம்.

எங்கள் மதரஸாவில் ஓதும் மாணவியின் தந்தை ஒருவர், அஸருக்குப் பின் ஒருநாள் என்னிடம் வந்தார். கையில் பதினைந்து பக்கத் தாள்கள். அவருடைய மனைவிக்குச் சினைப்பையில் புற்றுநோய். நகரின் ஒரு மருத்துவமனையில், புதிய மருந்தின் சோதனையில் சேர விருப்பமா என்று கேட்டிருக்கிறார்கள்.

"ஹஜ்ரத், இதில் கையெழுத்துப் போடுவது மார்க்கத்தில் கூடுமா?"

"யார் கையெழுத்து?" என்று கேட்டேன்.

"நான்தான் போடுவதாக இருந்தேன். டாக்டரம்மா ஏற்கவில்லை, அவளையே அழைத்து வந்து, எல்லாவற்றையும் சொல்லி, அவள்தான் போட வேண்டும் என்கிறார். அவளுக்கு என்ன நோய் என்றே தெரியாது, ஹஜ்ரத். நீர்க்கட்டி என்று சொல்லி வைத்திருக்கிறோம். அவளிடம் சொல்லாமல் செய்வதற்கு வழி உண்டா?"

அவர் கொடுமைக்காரர் அல்லர். மனைவி தாங்கமாட்டாள் என்ற அன்பினால்தான் மறைத்தார். நம் வீடுகளில் இது வழக்கமாகவே ஆகிவிட்டது. நோய் அவளுக்கு; செய்தி நமக்கு. மச்சான்மார் கூடிப் பேசுவார்கள், மூத்த மகன் வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் தீர்ப்புச் சொல்வான், படுக்கையில் இருப்பவரிடம் மட்டும் "ஒன்றுமில்லை" என்பார்கள். அவருக்கோ முடி கொட்டிய முதல் நாளே எல்லாம் தெரிந்துவிடும். தெரிந்தும் தெரியாததுபோல அவர் நடிக்க, அதை நம்பியதுபோல நாம் நடிக்க, அந்தக் கடைசி மாதங்கள் முழுவதும் ஒருவருக்கொருவர் வாய்திறந்து பேசாமலே கழிந்துவிடுகின்றன.

நான் அவரிடம் அவருடைய நிக்காஹைப் பற்றிக் கேட்டேன். வக்கீலும் சாட்சிகள் இருவரும் பெண்ணிருந்த அறைக்குச் சென்று, இன்னாருடைய மகன் இன்னாருக்கு, இவ்வளவு மஹருக்கு, சம்மதமா என்று கேட்டு வந்தார்களா இல்லையா? தகப்பனாரே சபையில் அமர்ந்திருக்கும்போதும் அந்தக் கேள்வியை விட்டுவிட்டோமா? வாழ்க்கையை ஒப்படைக்கையில் கேட்ட சம்மதத்தை, உடம்பை ஒப்படைக்கையில் கேட்காமல் விடலாமா? வியப்பு என்னவென்றால், அந்தத் தாள்களிலும் சாட்சி உண்டு. நோயாளிக்குப் படிக்கத் தெரியாவிடில், மருத்துவருக்கும் சோதனைக்கும் தொடர்பில்லாத ஒருவர் உடனிருந்து, எல்லாம் உரக்கப் படித்து விளக்கப்பட்டது என்று சாட்சிக் கையெழுத்திட வேண்டும் என்பது விதி.

அவர் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். எப்படிச் சொன்னாரோ, நான் கேட்கவில்லை. அந்தச் சகோதரி எட்டாம் வகுப்பு வரை படித்தவர். மூன்று நாட்களில் தமிழில் இருந்த தாள்களைத் தாமே படித்துவிட்டு மருத்துவரிடம் இரண்டு கேள்விகள் கேட்டாராம். "குலுக்கலில் எனக்குப் பழைய மருந்து விழுந்தால் அதற்குக் காசு யார் தருவது?" என்பது முதல் கேள்வி. கணவரும் மைத்துனரும் பதினைந்து பக்கத்தையும் பார்த்திருந்தும் இது அவர்களுக்குத் தோன்றவில்லை! "என் மகளுக்கும் இது வருமா?" என்பது இரண்டாவது. பிறகு, வாரந்தோறும் மருத்துவமனைக்கு வந்து போவது தம்மால் இயலாது என்று சொல்லிச் சோதனையில் சேர மறுத்துவிட்டார். மருத்துவரும் முகம் சுளிக்காமல் வழக்கமான சிகிச்சையைத் தொடங்கினார். எனக்கு உள்ளூரச் சற்று ஏமாற்றந்தான். ஆயினும் உடம்பு அவருடையது.

அவருடைய இரண்டாவது கேள்வி எல்லா வீட்டுக்கும் உரியது. இந்நோய் பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை. ஆயினும் ஒரு பகுதியினருக்கு பி.ஆர்.சி.ஏ. எனப்படும் மரபணுவில் நேர்ந்த பிழை காரணமாகிறது. அடையாற்றின் ஆய்வாளர்கள், குடும்பத்தில் இந்நோய் கண்ட தென்னிந்தியப் பெண்களின் இரத்தத்தை ஆராய்ந்து 2009இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஐரோப்பிய வழி யூதர்களிடையே மிகுதியாகக் காணப்படும் ஒரு குறிப்பிட்ட பிழை இங்கும் பலரிடம் காணப்பட்டது. தாயின் சகோதரிகளை மட்டும் விசாரித்தால் போதாது. இப்பிழை தகப்பன் வழியாகவும் மகளுக்கு வரும். அத்தைமார், தகப்பனைப் பெற்ற பாட்டி ஆகியோருக்கு மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்றுநோய் இருந்ததா என்பதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மரணத்தின் காரணத்தை 'வயிற்றுநோவு' என்று மூடி வைக்கும் குடும்பங்களில் எப்படிச் சொல்வது? அதனால்தான் மறைப்பது அடுத்த தலைமுறைக்கும் கேடாகிறது.

இப்பிழை உள்ளவர்களுக்கென்றே ஒரு மாத்திரை வந்துள்ளது. ஓலபரிப் என்று பெயர். பிழையுள்ள 391 பெண்களிடம், கீமோதெரபி முடித்தபின் சோதிக்கப்பட்டது. 2018இல் வெளியான முடிவின்படி, மூன்றாண்டு கடந்தும் நோய் முன்னேறாதிருந்தோர் மாத்திரை பெற்றவர்களில் நூற்றுக்கு 60. வெறும் மாத்திரை பெற்றவர்களில் நூற்றுக்கு 27. "வெறும் மாத்திரை கொடுத்து ஏமாற்றினார்களா?" என்று கொதிக்க வேண்டாம். அந்நாளில் அந்நிலைக்குப் பெரும்பாலோருக்கு வேறு மருந்தின்றிக் கண்காணித்து வருவதே வழக்கமாயிருந்தது. நிறுவப்பட்ட மருந்து இருக்கும்போது அதை மறுத்து வெற்று மாத்திரை தரலாகாது.

எல்லாம் ஒழுங்காகவே நடக்கின்றன என்று நான் சொல்லவரவில்லை. அண்டையிலுள்ள திருவனந்தபுரம் வட்டாரப் புற்றுநோய் மையத்தில் 1999-2000இல், வாய்ப் புற்றுநோயாளிகள் 26 பேருக்கு, அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வாளரோடு சேர்ந்து, முறையான அனுமதிகள் இன்றி ஒரு மருந்து சோதிக்கப்பட்ட செய்தி 2001இல் வெடித்தது. நோயாளிகளுக்குப் போதிய விளக்கம் தரப்படவில்லை என்ற குற்றச்சாட்டு எழுந்தது. பல்கலைக்கழகமே பின்னர் விசாரித்துத் தன் ஆய்வாளர்மீது நடவடிக்கை எடுத்தது. இதுபோன்றவற்றால்தான் சட்டங்கள் இறுகின. 2009 முதல் நம் நாட்டில் நடைபெறும் ஒவ்வொரு மருந்துச் சோதனையும் அரசின் பதிவேட்டில் பதியப்பட்டாக வேண்டும். 2019இல் வந்த விதிகளின்படி, சோதனையினால் கேடு விளைந்தால் இலவச சிகிச்சையும், சட்டப்படி நட்டஈடும் உண்டு. மருத்துவரல்லாதோரையும் உள்ளடக்கிய அறநெறிக் குழு ஒன்று முன்னரே ஒப்புதல் தந்திருக்க வேண்டும். எந்தக் கட்டத்திலும் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம். விலகியதற்காகச் சிகிச்சையை மறுக்கக் கூடாது.

சட்டம் தாளில் இருக்கும். கேட்பவருக்கே அது பயன்படும். ஆகவே மருத்துவமனையில் அத்தாள்களை நீட்டும்போது, நோயாளிப் பெண்ணை முன்னே அமர்த்தி, அவருக்கு விளங்கும் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். கணவரோ சகோதரரோ உடனிருக்கட்டும். பதில் அவர் வாயிலிருந்து வரட்டும். இம்மருந்து இதற்குமுன் மனிதருக்குக் கொடுக்கப்பட்டதா, எத்தனை பேருக்கு? குலுக்கலில் என்னென்ன விழக்கூடும்? வழக்கத்துக்கு மேல் எத்தனை முறை வர வேண்டும், ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் யார் கொடுப்பது? நோன்பு காலத்தில் மருந்து வேளை எப்படி? நள்ளிரவில் காய்ச்சல் அடித்தால் எந்த எண்ணுக்கு அழைப்பது? இவற்றைக் கேட்டால் எந்த நல்ல மருத்துவரும் கோபிக்க மாட்டார். அங்கேயே அப்போதே கையெழுத்திடும்படி வற்புறுத்தினால், எழுந்து வந்துவிடுங்கள்.

கையெழுத்திட்ட தாளின் பிரதி ஒன்று நோயாளிக்குத் தரப்பட வேண்டும். கேட்டு வாங்கிப் பீரோவில் வையுங்கள். சோதனையின் அரசுப் பதிவெண்ணையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் கல்லூரிக்குப் போகும் பிள்ளை இருந்தால் அதனிடம் கொடுங்கள். சி.டி.ஆர்.ஐ. என்னும் அப்பதிவேட்டைக் கட்டணமின்றி எவரும் திறந்து பார்க்கலாம். யார் நடத்துகிறார்கள், யார் பணம் போடுகிறார்கள், இன்னும் எந்தெந்த ஊரில் நடக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். படித்ததை அந்தப் பிள்ளை தன் தாயிடமே சொல்லட்டும்.